கொடுத்த கூலியும் கொடாத கூலியும்: சிறு முதலாளியின் கடமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறவியல் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரிய வினாக்களையே எடுத்துக்கொள்கின்றனர். கொலை எங்கேனும் நியாயமாகுமா, பொய் எப்போதேனும் தகுமா, அரசுக்குக் கீழ்ப்படியும் கடமை எவ்விடத்தில் முடிவடைகிறது என்பன போன்றவை மெய்யியல் வகுப்பறைகளிற் காலங்காலமாக ஆராயப்பட்டு வருவன. மாத முடிவில் ஒரு தென்னந்தோட்டத்து வாசலில் நாலைந்து பேருக்குக் கூலி எண்ணிக் கொடுக்கப்படும் பத்து நிமிட நேரத்தில் எழும் வினா அந்த வரிசையிற் சேர்த்தெண்ணப்படுவதில்லை. ஆயினும் அவற்றைவிட எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று அது. கொடுப்பவரும் பெறுபவரும் மனமொத்து ஒரு சட்டத்தை மீறுகின்றனர். இருவருள் ஒருவரும் முறையிடுவதில்லை. மூன்றாமவர் எவருக்கும் நட்டம் நேர்ந்ததாகத் தெரியவுமில்லை. அவ்வாறாயின் அங்கு தீங்கு ஏதும் நிகழ்ந்துள்ளதா? நிகழ்ந்திருப்பின், அது யார் யாருக்கு இழைத்த தீங்கு?

இவ்வினாவைப் பொதுமையில் வைத்து ஆராய்வதினும் ஓரிடத்தில் வைத்து ஆராய்வது பயனுடையது. புத்தளம் நகருக்கு வடக்கே, கடல்நீரேரியை மேற்கிலும் வில்பத்துக் காட்டை வடக்கிலும் எல்லையாகக் கொண்டு கிடக்கும் வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தை அதற்கெனத் தெரிந்துகொள்வோம். கலா ஓயா இங்குதான் களப்பில் வந்து கலக்கிறது. இலவன்குளத்தைக் கடந்து காட்டினூடாக மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையும் இவ்வழியேதான் போகிறது. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘வில்லு’ என்ற சொல், மாரி மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஆழமற்ற இயற்கை நீர்நிலையைக் குறிப்பது. குளம் என்பது கட்டப்படுவது. வில்லு தானாக அமைவது. பெய்யும் காலத்து நீர் பெய்யாக் காலத்துக்கும் வேண்டும் என்பதை இப்பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இங்கு பெருந்தொழில் என்று சொல்லத்தக்கது அருவக்காட்டுச் சுண்ணக்கல் அகழ்வே. அங்கு வெட்டப்படும் கல் புகைவண்டியில் ஏற்றப்பட்டுப் பாலாவிக்கு அருகிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. அத்தகைய பெருந்தொழிலுக்குச் சம்பளக் கந்தோரும் கணக்காளரும் உண்டு. எமது வினா எழுவது அங்கன்று. நாலு பேரை வைத்துத் தென்னந்தோட்டம் நடத்துபவர், மரமுந்திரிகைக் கொட்டை உடைக்கும் கொட்டிலொன்றில் ஆறு பெண்களுக்கு வேலை கொடுப்பவர், தேநீர்க் கடைக்காரர், இறால் தொட்டிக்கு இரவுக் காவலாள் வைத்திருப்பவர், கரையில் இரண்டு படகும் ஒரு வாடியும் உடையவர் ஆகியோரிடத்திலேயே அது எழுகிறது. இவர்கள் எல்லோரையும் ஊர் வழக்கு ‘முதலாளி’ என்றே அழைக்கிறது. பொருளியல் நூல்களில் அச்சொல் சுமந்து வரும் கனம் இவர்களுட் பலருக்குப் பொருந்துவதில்லை. தன் தோட்டத்துத் தேங்காயைத் தானே உரிக்கும் முதலாளியும் இங்குண்டு.

இனி, இவர்மீது சட்டம் சுமத்தும் கடமை யாது என நோக்குவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. அக்காலத்துத் தொழில் அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன அதனைக் கொண்டுவந்தவர். 1947இல் அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக இருந்து வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டமையால் அரச பதவியை இழந்தவர் அவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வருமானம் திடீரென நின்றுபோவது எத்தகையது என்பதை அவர் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். இன்றுள்ள விதியின்படி ஊழியரின் உழைப்பூதியத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளி தன் பங்காகக் குறைந்தது 12 வீதம் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மத்திய வங்கியின் பொறுப்பிலுள்ள நிதியத்தில் அவ்வூழியரின் பெயருக்கு வைப்பிடப்படும். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் அதனைப் பெறலாம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதத்தை முதலாளி கொடுக்க வேண்டும். இதில் எப்பகுதியையும் ஊழியரின் கூலியிலிருந்து கழிக்கலாகாது. வருமான வரி எனப்படுவது இப்பகுதிக் கூலியாட்களின் வருமான மட்டத்தைத் தொடுவதே இல்லை எனலாம். ஆதலின் சிறு முதலாளி ‘அரசாங்கத்துக்குக் கட்டும் வரி’ என்று சலித்துக்கொள்ளும்போது அவர் பெரும்பாலும் குறிப்பது இந்த 15 வீதத்தையே. அச்சொல் பிழையானது. ஏன் பிழையானது என்பதைப் பின்னர் காண்போம்.

இச்சட்டத்தின் இரண்டு கூறுகள் தோட்டத்துக்கும் கொட்டிலுக்கும் நேரடியாகப் பொருந்துவன. ஒன்று, தற்காலிகமாகவோ துண்டு வேலைக்கோ அமர்த்தப்பட்டவரும் ஊழியரே. ஓர் ஊழியரை மட்டும் வைத்திருப்பவரும் இக்கடப்பாட்டுக்கு உட்பட்டவரே. மற்றையது, உழைப்பூதியம் என்பதற்குச் சட்டம் தரும் வரைவிலக்கணத்தில் முதலாளி கொடுக்கும் சமைத்த அல்லது சமையாத உணவின் காசுப்பெறுமதியும் அடங்கும். மத்தியானம் தோட்டத்து வீட்டில் ஆக்கிப்போடும் சோறும் மீன்குழம்பும்கூட, சட்டத்தின் கண்ணில், கூலியின் ஒரு பகுதி. இதனை அறிந்த முதலாளிமார் மிகச் சிலரே. அறிந்தோர் நகைப்பர். ஆனால் அந்த வரைவிலக்கணத்தில் ஓர் ஆழ்ந்த கருத்து உண்டு: உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது எவ்வடிவில் இருப்பினும் அது கொடையாகாது.

இனி வழக்கத்தில் நடப்பதைப் பார்ப்போம். புதிதாக வேலைக்கு வந்தவரிடம் முதலாளி கேட்கிறார்: “சேமலாப நிதி பிடிக்கட்டா, முழுக் காசையும் கையில தரட்டா?” வந்தவர் தயங்காமல் விடை கூறுகிறார்: “பிடிக்க வேணாம் முதலாளி, முழுசாத் தாங்கோ.” ஒப்பந்தம் முடிந்தது. முதலாளியின் மனச்சாட்சி அன்று முதல் உறங்குகிறது. பின்னர் எவரேனும் கேட்பின், தாம் விரும்பியே கேட்டார்கள் என்பார், அது பொய்யுமன்று.

விரும்பியே கேட்டார் என்பதிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்குவோம். நிக்கோமாக்கிய ஒழுக்கவியல் எனும் நூலின் மூன்றாம் பாகத்தில் அரிஸ்டோட்டில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலைக் காக்கும் பொருட்டுச் சரக்கைக் கடலில் வீசுகிறான். அவன் அதை விரும்பிச் செய்தானா, விரும்பாது செய்தானா? எவரும் அவன் கையைப் பிடித்து வீசுவிக்கவில்லை. ஆயினும் புயலில்லாத நாளில் எவனும் தன் சரக்கை வீசான். இத்தகைய செயல்களைக் கலப்புச் செயல்கள் என அரிஸ்டோட்டில் கொள்கிறார். கடலோரத்து மக்களுக்கு இவ்வெடுத்துக்காட்டை விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டின் பின் கிடைக்கும் பணத்தை இன்றே கைவிடும் கூலியாள் அந்த மாலுமியை ஒத்தவன். பிள்ளையின் பாடசாலைச் செலவும் கடையிற் கொப்பிக் கணக்கில் ஏறிநிற்கும் கடனும் அவனுக்குப் புயல். அவன் தெரிவு செய்தான் என்பது உண்மை. எந்த வானிலையிற் செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடின் அது அரை உண்மை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அம்மறுப்பை மெய்யியல் மாணவர் இலேசாகத் தள்ளிவிடலாகாது. நெருக்கடியிற் செய்யும் தெரிவு தெரிவே அன்று என்று கூறுவோமாயின், ஏழைகள் செய்யும் எந்தத் தெரிவையும் நாம் மதிக்கத் தேவையில்லை என்றாகிவிடும். தன் வாழ்வைத் தன்னிலும் நன்கறிந்தவர் கொழும்பிலோ பேராதனையிலோ இருக்கின்றனர் என்று அவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? மேலும், எதிர்காலத்தை நம்பாமை எப்போதும் அறியாமையால் வருவதன்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அவ்வாண்டுக்கு ஊழியர் சேமலாப நிதி அங்கத்தவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது அந்நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. தனியார் துறை ஊழியருக்கான ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்றை எதிர்த்து 2011 மே மாதம் கட்டுநாயக்கா ஆடைத் தொழிலாளர் தெருவில் இறங்கியதும், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கான இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்ததும், சட்டமூலம் மீளப்பெறப்பட்டதும் மறக்கப்பட்டனவல்ல. தம் சேமிப்பின்மீது அரசின் கை நீள்வதைத் தொழிலாளர் ஐயுறுவதற்குக் காரணங்கள் உண்டு. ‘கையில் தாருங்கள்’ என்பவரைத் தூரநோக்கற்றவர் எனக் கூறும் உரிமை எமக்கில்லை.

ஆகவே அவரது தெரிவை முழுமையாக மதிப்போம். அவ்வாறு மதித்த பின்னரே, அந்தக் கூலி வாசலில் நடந்தது யாதெனத் தெளிவாகப் புலப்படும். மாதம் 30,000 ரூபா கூலி என வைத்துக்கொள்வோம். சட்டப்படி நடப்பின் கையில் 27,600 ரூபா கிடைக்கும். பிடிக்கப்பட்ட 2,400 ரூபாவுடன் முதலாளியின் 3,600 ரூபாவும் சேர்ந்து 6,000 ரூபா சேமலாப நிதிக்குச் செல்லும். 900 ரூபா நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் செல்லும். இவ்வூழியருக்காக முதலாளி செலவிடும் மொத்தம் 34,500 ரூபா. இப்போது ‘முழுக் காசு’ ஒப்பந்தத்தைப் பாருங்கள். கையில் 30,000 ரூபா, நிதியில் எதுவுமில்லை. ஊழியர் இன்று 2,400 ரூபாவைக் கூடுதலாகப் பெறுவதற்காக 6,900 ரூபாவை விட்டுக்கொடுத்துள்ளார். முதலாளிக்கு மிச்சம் 4,500 ரூபா. ஊழியரின் விருப்பத்தை மதித்து முழுக் கூலியையும் கையிற் கொடுத்ததாகக் கூறுபவர், அவ்விருப்பத்துக்கு உண்மையில் மதிப்பளித்திருப்பின் 34,500 ரூபாவையல்லவா எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும்? அவ்வாறு கொடுத்தாலும் சட்டமீறல் சட்டமீறலே. ஆயினும் அப்போதுதான், இது அவர் தெரிவு என்று சொல்வதற்கு ஒரு பொருள் இருக்கும்.

‘பிடிக்கட்டா, தரட்டா?’ என்ற வினாவிலேயே குறை இருக்கிறது. எட்டைப் பற்றி மட்டும் அவ்வினா பேசுகிறது. பன்னிரண்டையும் மூன்றையும் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரியுமாறு கேட்பவர் இரண்டின் விலையையும் கூற வேண்டும். ஒன்றின் விலையை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. புத்தளச் சந்தையில் மீன் வாங்குபவர் எவரும் அறிந்த நியாயம் அது. ஏழைமையின் புயலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டாலும், இவ்வொப்பந்தம் இந்த ஒரு காரணத்தால் மட்டுமே பழுதுபட்டுவிடுகிறது. முதலாளியும் அறியாதவராயின் என் செய்வது என்று கேட்கலாம். எட்டைப் பிடிக்கலாம் என அறிந்தவர் பன்னிரண்டை அறியாதிருத்தல் அரிது.

‘வரி’ என்ற சொல் ஏன் பிழையானது என்பதற்கு இனி வருவோம். வரி என்பது என் பொருளிலிருந்து பொதுவுக்குச் செல்வது; அது சென்ற பின் எனக்கென்று அதில் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. சேமலாப நிதியின் ஒவ்வொரு சதத்திலும் ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மாதம் முழுவதும் உழைத்த பின்னரே கூலி பெறும் தொழிலாளி, அந்த ஒரு மாதத்துக்கு முதலாளிக்குக் கடன் கொடுத்தவனாகிறான் என்னும் கருத்தைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில் எடுத்துரைத்தார். மார்க்சின் பிற முடிவுகளை ஏற்காதவரும் இதனை மறுத்தல் அரிது. சேமலாப நிதி அந்தக் கடனின் ஒரு பகுதியை முப்பது ஆண்டுக்கு நீட்டுகிறது. அதனைச் செலுத்தாத முதலாளி அரசாங்கத்தை ஏய்க்கவில்லை. தமக்குக் கடன் கொடுத்தவரை, அவர் தம் எதிரிலேயே தேங்காய் உரித்துக்கொண்டிருக்கையில், ஏய்க்கிறார். ‘அரசாங்கத்துக்கு ஏன் கட்ட வேண்டும்’ எனும் முணுமுணுப்பு இவ்வுண்மையை அவர் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது. ஊழலும் வீண்செலவும் மலிந்த அரசுக்கு எதிராகச் செய்யும் சிறு கலகம் போலவும் அது தோற்றம் தருகிறது. மலிவான கலகம்!

சட்டமே இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்துள்ளது போலும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரை வைத்திருப்போர்மீதே பொறுப்பை ஏற்றுகிறது. பணிநீக்கம் தொடர்பான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் பதினைந்துக்குக் குறைந்த இடங்களைத் தொடுவதில்லை. சிறியவரால் இவற்றைத் தாங்கவியலாது எனச் சட்டம் இரங்கியது. சேமலாப நிதியில் அவ்விரக்கத்தை அது காட்டவில்லை. ஒருவர் இருப்பினும் கட்டு என்றது. இஃது என் விளக்கம்தான்: நீண்ட சேவைக்கு மேலதிகமாகக் கொடுக்கும் ஒன்றில் முதலாளியின் இயலாமையைக் கணக்கில் எடுக்கலாம், உழைத்த கூலியில் எடுக்கலாகாது. அரிசிக்கடைக்காரர் சிறு முதலாளி என்பதற்காக அரிசிக்குக் குறைந்த விலை வாங்குவதில்லை அல்லவா? (பதினாலு பேரோடு நின்றுவிடும் தொழிலகங்கள் இந்நாட்டில் எத்தனை என்பது தனியாக ஆராயத்தக்க பொருள்.)

எனினும், சிறு முதலாளியை எளிதாகக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்ப முடியாது. அவர் நிலையும் நோக்கத்தக்கது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது புத்தளக் கடற்கரையோர இறால் பண்ணைகள் பேரழிவுக்குள்ளாயின. வங்கிக் கடனில் தொட்டி வெட்டியவர் வெறுந்தொட்டியோடு நின்றனர். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது சிறு படகுக்காரர் பலர் படகைக் கரையேற்றினர். தோட்டத்திலோ, ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பறிப்பின் விலையை விளைவித்தவர் தீர்மானிப்பதில்லை. இவற்றுக்கு மேலாக இன்னொன்று உண்டு. பக்கத்துக் கொட்டில்காரர் எதுவும் கட்டாது மரமுந்திரிகைப் பருப்பைச் சந்தைக்கு அனுப்பும்போது, கட்டுபவர் மட்டும் 15 வீதம் கூடிய செலவில் அதே விலைக்கு விற்க வேண்டும். அறவழி நிற்பவர் தோற்பார். அவரிடம் வேலை செய்த ஆறு பெண்களும் வேலை இழப்பர்.

இத்தகைய முட்டுக்கட்டைக்கு ஜோன் ஸ்டுவாட் மில் 1848இல் வெளியிட்ட அரசியற் பொருளாதாரத் தத்துவங்கள் எனும் நூலில் விடை தேடினார். தனிமனித சுதந்திரத்தின் பெருந்துணைவராகப் போற்றப்படும் அவரே, வேலைநேரத்தைக் குறைத்தல் எல்லோருக்கும் நன்மையாயினும், ஏனையோர் குறைக்காதவிடத்துத் தனியொருவர் குறைப்பது அவருக்கே நட்டமாகுமாதலால், அவர்கள் எல்லோரும் விரும்புவதை நிறைவேற்றவே சட்டம் தேவைப்படலாம் என வாதிட்டார். சட்டம் இங்கு விருப்பத்துக்கு விலங்காக அமையவில்லை. விருப்பம் நிறைவேறும் வழியாக அமைகிறது. சேமலாப நிதியும் அவ்வாறே. கட்ட விரும்பும் சிறு முதலாளியைக் காப்பது, கட்டாத அயலவர்மீதும் அச்சட்டம் சமமாகப் பாய்வது ஒன்றே. ஆதலின் மேற்பார்வை நலிந்துபோகும்போது முதலில் தண்டிக்கப்படுபவர் நேர்மையானவர். இவ்விடத்தில் பழி அரசின் பக்கமும் சாய்கிறது.

அப்பழி இன்னும் மேலே ஏறவும் கூடும். கொட்டிலில் உடைத்த பருப்பைக் குறைந்த விலைக்குக் கேட்கும் மொத்த வியாபாரியும், அதனைப் பண்டிகைக் காலத்தில் மலிவாகத் தேடும் நாமும் அந்த 4,500 ரூபாவிற் பங்கு கொள்பவர்களே. பல்கலைக்கழக மண்டபங்களைத் துடைப்போரும் வாயிலிற் காவல் நிற்போரும் இன்று பல இடங்களிற் கொந்தராத்துக்காரரின் ஆட்கள். அவர்கள் பெயரில் நிதி கட்டப்படுகிறதா என்று எம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்? வண்ணாத்திவில்லு தூரத்தில் இல்லை.

இத்துணை சொன்ன பின்னும் சிறு முதலாளியிடம் ஒரு வாதம் எஞ்சி நிற்கும். அவர் வாதங்களுள் வலிமை மிக்கதும் அதுவே. “நான் அவர்களைக் கைவிட்டதில்லை” என்பார். உண்மைதான். கூலியாளின் வீட்டில் மரணம் நிகழ்ந்தால் முதலில் நிற்பவர் அவர். பெருநாளுக்கும் வருடப்பிறப்புக்கும் உடுப்பு வாங்கிக் கொடுப்பார். மகளின் கலியாணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, அதிற் பாதியை மறந்தும் விடுவார். கொழும்பு நிதியத்தில் உறங்கும் பணம் நள்ளிரவில் காய்ச்சற்காரப் பிள்ளையைப் புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகுமா? அவருடைய வாகனம் கொண்டுபோகும். இந்த உறவைப் பழமை என்று ஏளனம் செய்வோர் அதனுள் வாழாதோர். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் இம்மாவட்டத்துக்கு, வண்ணாத்திவில்லுக்கும், வந்து சேர்ந்தபோது, சட்டத்தையோ நிதியத்தையோ எதிர்பார்த்திருக்க முடியாத அவர்களுக்குக் கைகொடுத்ததும் இத்தகைய ஊர்மனிதரின் ஈரமே.

ஆயினும் அதே மக்கள் பின்னர் பல ஆண்டுகள் தோட்டங்களிலும் வாடிகளிலும் நாட்கூலிக்கு உழைத்தனர். ஈரம் முதல் நாளுக்குப் போதும். பத்தாம் ஆண்டுக்குப் போதாது. கொடையைக் கேட்டு வாங்க முடியாது. கொடுப்பவரின் மனநிலை, அவ்வாண்டு விளைச்சல், பெறுபவரின் பணிவு ஆகியவற்றைச் சார்ந்தது அது. முகங்கொடுத்துப் பேசாத ஆளுக்குப் பெருநாள் உடுப்புக் கிடைக்காது போகலாம். வேறு தோட்டத்துக்குப் போக நினைப்பவன் வாங்கிய முற்பணத்தை எண்ணித் தயங்குவான். உரிமையோ நன்றியை எதிர்பார்ப்பதில்லை. முதலாளியோடு பிணங்கிக்கொண்டு போனவனுக்கும் அவன் பெயரிலுள்ள நிதி அவனுடையதே. கொட்டிலில் வேலை செய்த பெண் திருமணத்தின் காரணமாக வேலையை விட்டு விலகும்போது தன் பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. கொட்டைப்பால் பட்டுத் தோலுரிந்த விரல்களுடன் அவள் போகையில் அப்பணம் எவருடைய அன்பளிப்புமன்று. அன்பளிப்பாகவும் எதையேனும் முதலாளி கொடுப்பாராயின் அது நன்று. கடன் தீர்த்தபின் கொடுப்பதே கொடை என்று பெயர்பெறத் தகும். தீர்க்காத கடனிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, பெறுபவர் தம் பணத்துக்கே நன்றி கூறிக்கொண்டிருக்கிறார்.

எட்டு வீதத்தைப் பிடித்துக்கொண்டு எங்கும் கட்டாமல் விடுபவரைப் பற்றி நீட்டித்து எழுத வேண்டியதில்லை. ‘அமானிதம்’ எனும் சொல் புழங்கும் ஊரில், ‘அடைக்கலப் பொருள்’ எனும் சொல்லைக் கொண்ட மொழியில், அச்செயலுக்கு விளக்கம் தேவைப்படாது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிகுதியை வேறு பெயர்களில் எழுதுவோர் சற்று நாகரிகமானவர். செயலின் இயல்பு வேறன்று.

இன்னொன்றையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். மாதந்தோறும் முதலாளி அனுப்பும் ‘சீ’ படிவம் எனப்படும் பட்டியலில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி உண்டு: பெயர், அங்கத்துவ இலக்கம், உழைப்பூதியம், இருவர் பங்கும். மறு மாதத்தின் இறுதி வேலைநாளுக்கு முன் பணமும் சென்றடைய வேண்டும். அப்பட்டியலிற் பெயர் ஏறாதவர் இருபது ஆண்டு உழைத்திருந்தும் பொது ஏட்டில் எங்கும் உழைத்தவராகப் பதியப்படாதவர். தோட்டத்தில் எத்தனை மரம் பறித்தார் என்பது முதலாளியின் கொப்பியில் இருக்கும். எத்தனை ஆண்டு பறித்தார் என்பது எதிலும் இராது. இடம்பெயர்ந்து வந்து, பழைய ஊரின் உறுதியையும் அட்டையையும் இழந்து நின்ற ஒருவருக்கு அந்த ஒரு வரி பணத்தினும் பெரிதாக இருந்திருக்கக்கூடும்.

இறுதியாக, மனம் மாறிய முதலாளியின் சிக்கல் ஒன்று உண்டு. ஒன்பது ஆண்டு கட்டாதிருந்து பத்தாம் ஆண்டிற் கட்டத் தொடங்க அவர் எண்ணுகிறார் என்போம். தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். தவறினால் நீதவான் நீதிமன்றம் வரை செல்லும். அன்று பிடிக்காமல் விட்ட எட்டை இன்றைய கூலியிலிருந்து பிடிக்கவும் அவரால் இயலாது; இருபதையும் தாமே இறுக்க வேண்டும். இதனால் அவர் அஞ்சுவார். ‘இன்று முதல் ஒழுங்காகக் கட்டுகிறேன், போனது போகட்டும்’ என்பார். இவ்வச்சம் நியாயமானதே, சட்டத்தின் இவ்விடத்துக் கடுமை திருந்த நினைப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதும் என் கருத்து. தாமாக முன்வருவோருக்குத் தவணை முறையும் கட்டணக் குறைப்பும் தாராளமாக வழங்கப்படல் தகும். ஆனால் போனது போகட்டும் என்று கூறும் உரிமை கடன் பட்டவருக்கில்லை. கடன் கொடுத்தவருக்கே உண்டு. அவர் அதனைக் கூறுவதாயினும், போனது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இருப்பது ஓரிடத்தில் மட்டுமே: முதலாளியின் மேசை அறையில், நூல் விட்டுப்போன பழைய பறிப்புக் கொப்பிகளில். அவற்றை வெளியே எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒன்பது ஆண்டைக் கூட்டி, அத்தொகையை உரியவரிடம் வாயாற் சொல்வதற்குத் தொழில் திணைக்களத்திலிருந்து எவரும் வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.